கொடிகாமத்தில் ஒரு கார் கரகரத்தது

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து பட்டணத்தை விட்டு ஓடியவர்களில் பாதிப் பேர் அப்போது இன்னும் திரும்பி வரவில்லை. சிந்தாதிரிப்பேட்டையில் எங்கள் ரேடியோக் கடைக்கு வாடிக்கைக்காரர்களைவிட எலிகள்தான் அதிகம் வந்துகொண்டிருந்தன. அப்படி ஒரு நாளில் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "சிலோனுக்குப் போய் வருகிறாயா?" என்று கேட்டார். குண்டு விழலாம் என்கிற ஊரிலிருந்து, குண்டு ஏற்கெனவே விழுந்து முடிந்த தேசத்துக்கு. ஒரு விதத்தில் அதுதான் பத்திரம் என்று எனக்குப் பட்டது.

விஷயம் இதுதான். முதலாளி வாலிபத்தில் மலாயா ரயில்வேயில் வேலை பார்த்தவர். அங்கே அவருக்கு மேலே இருந்தவர் ஸ்டேஷன் மாஸ்டர் வைத்திலிங்கம் என்ற யாழ்ப்பாணத்துக்காரர். அவர் பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியபோது ஒரு காரையும் கூடவே கொண்டுவந்தார். வழியில் பட்டணத்தில் இறங்கி, அந்தக் காருக்கு எங்கள் கடையில் ஒரு ரேடியோவும் வைத்துக்கொண்டார். தூர தேசத்து ஸ்டேஷனும் கிடைக்கும்படி முதலாளி தம் கையாலேயே மாற்றியமைத்துக் கொடுத்த பெட்டி அது. இப்போது அது கரகரக்கிறதாம். யாழ்ப்பாணத்தில் ரேடியோ தெரிந்தவர்கள் எல்லோரும் பார்த்துக் கைவிட்டுவிட்டார்களாம்.

"ஒரு கரகரப்புக்காகவா கடல் தாண்டி ஆள் அனுப்புவார்கள்?" என்றேன்.

"அவருடைய ஒரே மகன் மலாயாவில், சிரம்பான் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவன், அங்கேயே மாட்டிக்கொண்டிருக்கிறான். போய்ப் பார், புரியும்," என்றார் முதலாளி.

சிலோனுக்குப் போகிறவர்களுக்கு நோய் இருக்கிறதா என்று பார்க்கிற கடலோர முகாமில் என்னை உரித்துப் பார்த்துச் சோதித்த கதையை எழுதினால் டாக்டர்களுக்குக் கோபம் வரும். கப்பலில் நான் சாப்பிட்டதையும், அது திரும்பி வந்த விதத்தையும் எழுதினால் வாசகர்களுக்குக் கோபம் வரும். ஆகவே நேரே ரயிலுக்கு வந்துவிடுகிறேன்.

எதிர் ஆசனத்தில் இரண்டு சிங்கள ரயில்வேக்காரர்கள் குறடும் திருப்புளியும் வைத்திருந்த என் ஆயுதப் பெட்டியைக் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டு வந்தார்கள். பக்கத்திலிருந்த புகையிலை வியாபாரிக்குச் சிங்களம் தெரியும். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். "ஒருத்தர் உங்களைப் பல்லுப் பிடுங்கிற ஆள் எண்டுறார். மற்றவர், உந்த மூஞ்சிக்குத் தன்ரை பல்லையே பிடுங்கத் தெரியாது எண்டுறார்," என்று மொழிபெயர்த்துவிட்டு, அவர்களைவிட அதிகமாக அவரே சிரித்தார். அதன்பிறகு தம் பங்குக்கு என்னுடைய தகப்பனார் பெயர், சம்பளம், கல்யாணம் ஆகாததற்குக் காரணம் எல்லாவற்றையும் விசாரித்து முடித்தார். கொடிகாமம் வந்தால் எழுப்புவதாக வாக்குக் கொடுத்துவிட்டு எனக்கு முன்னால் அவர் தூங்கினார். இரண்டு பேரும் சாவகச்சேரியில்தான் விழித்தோம்.

சாவகச்சேரியிலிருந்து கொடிகாமத்துக்குப் பின்னோக்கி வந்த பஸ்ஸைப் பற்றிச் சில வார்த்தைகள். அதில் ஆட்களுக்கு என்று இடம் ஒதுக்கியிருக்கவில்லை. கத்தரிக்காய்ச் சாக்குகள் உட்கார்ந்து வந்தன, நாங்கள் நின்று வந்தோம். பெட்ரோலுக்குப் பங்கீடு வந்த நாளிலிருந்து அந்த வண்டிக்கு என்னத்தை ஊற்றினார்களோ, மண்ணெண்ணெய் வாடை மூக்கைத் துளைத்தது. இரண்டு தடவை நின்றது. இரண்டு தடவையும் எல்லோரும் ஒரு முணுமுணுப்புக்கூட இல்லாமல் இறங்கித் தள்ளினார்கள். பட்டணத்தில் என்றால் தள்ளுவதற்கு முன்பு கண்டக்டரின் பரம்பரையைத் திட்டித் தீர்த்திருப்போம்.

தள்ளும்போது என் தோளுக்குப் பக்கத்தில் தோள் கொடுத்தவர் கேட்டார். "தம்பி ஆற்றை வீட்டை போறியள்?"

"வைத்திலிங்கம் ஐயா வீட்டுக்கு."

"ஆ, கார்க்கார வைத்திலிங்கத்தாரோ! அந்த இரைச்சல் பெட்டியைத் திருத்த வாற வடக்கத்தையான் நீங்கள்தானோ?"

பஸ் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் வருகிற செய்தி எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. பட்டணத்தில் வடக்கத்தியான் என்றால் வட்டிக்கடை சேட், இங்கே இந்தியாவிலிருந்து வருகிற எவனும். இரண்டு மூன்று மணி நேரக் கடல் என்னையே வடக்கத்தியானாக்கிவிட்டது.

வைத்திலிங்கம் ஐயா வீட்டுக் கார், தென்னங்கிடுகு வேய்ந்த கொட்டகையில் நான்கு பனங்குற்றிகளின் மேல் சக்கரமே இல்லாமல் நின்றது. டயர்களைத் துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். பெட்ரோல் இல்லாத காருக்குச் சக்கரம் எதற்கு? ஆனால் ரேடியோவுக்கு மின்சாரம் வேண்டும். கிராமத்தில் மின்சாரம் இல்லாததால், காரின் பேட்டரியை மட்டும் மாட்டு வண்டியில் வைத்து, அரிசி ஆலைக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வருவார்கள். அது போகிற போக்கைப் பார்த்தால் மாப்பிள்ளை ஊர்வலம் தோற்றுவிடும்.

அன்று பொழுது சாய்கிற நேரத்தில்தான் முதலாளி சொன்னது புரிந்தது. அக்கம்பக்கத்து ஜனங்கள் ஒவ்வொருவராக வந்து காரைச் சுற்றிப் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். பிள்ளையோ, தம்பியோ, மருமகனோ மலாயாவில் இல்லாத வீடு அந்தப் பகுதியில் கிடையாது. ஜப்பான்காரன் அங்கே புகுந்த பிறகு கடிதம் இல்லை, தந்தி இல்லை, உயிர் இருக்கிறதா என்பதற்கே தகவல் இல்லை. ஆனால் அந்தப் பக்கத்து ரேடியோ ஒன்று மாலையில் கொஞ்ச நேரம் தமிழில் பேர்களை வாசிக்கிறது. இன்ன ஊர், இன்னாருடைய மகன் இன்னார், உயிரோடு சுகமாக இருக்கிறார், வீட்டாருக்கு இன்னது சொல்லச் சொன்னார். அவ்வளவுதான். அதற்காகத்தான் இந்தக் கூட்டம்.

ஐயா வெள்ளை வேட்டி சால்வையோடு டிரைவர் ஆசனத்தில் ஏறி, ஓடாத காரின் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் ஸ்பீக்கருக்கு நேராக அவருடைய மனைவி அன்னப்பிள்ளை அம்மா. அந்த இடத்தில் வேறு யாரும் உட்காரக்கூடாது என்பது ஊர்ச் சட்டம். பின் ஆசனம் முழுவதையும் விதானையார் அடைத்துக்கொண்டார். விதானையார் என்றால் கிராமத்தில் சர்க்கார் அவர்தான். எதிரி ரேடியோவைக் கூட்டம் கூடிக் கேட்கக்கூடாது என்று ஊருக்கு அறிவித்தவரும் அவரே.

"நீங்களே வந்து உட்கார்ந்துவிட்டீர்களே?" என்று கேட்டேன்.

"கூட்டம் கூடுதோ எண்டு ஆராவது பார்க்க வேணுமெல்லோ? அதுக்குத்தான் நாள் தவறாமல் வாறன்," என்றார். அவருடைய மைத்துனர் மலாயாவில் ஈப்போவில் இருந்தார்.

ஐயா பொத்தானைத் திருகினார். கொஞ்ச நேரம் விசில். பிறகு வந்தது பாருங்கள், ஒரு சத்தம். என் தொழிலில் நான் எத்தனையோ ஸ்பீக்கர்களின் மரண அவஸ்தையைக் கேட்டிருக்கிறேன். இது தகரத்தில் மணலைக் கொட்டித் தேய்க்கிற சத்தம். நடுவில் ஒரு மனிதன் பேசுகிறான் என்பது மட்டும் தெரிந்தது. "கர்ர்ர்... பூர்... கர்ர்... லிங்கம்... கர்ர்ர்... சுகம்..."

உடனே சண்டை தொடங்கியது. நாகலிங்கம் என்றார் ஒருவர். இல்லை, சோமலிங்கம். "விசர்க்கதை கதையாதை, வடிவாக் கேட்டனான், இராமலிங்கம்!" யாழ்ப்பாணத்தில் பாதிப் பேருக்கு மேல் லிங்கத்தில்தான் முடிகிறார்கள். ஐயாவின் மகனும் மகாலிங்கம். அன்னப்பிள்ளை அம்மா அந்தச் சண்டையில் கலந்துகொள்ளவில்லை. திரும்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை, வால்வைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

மறுநாள் காலையில் கேழ்வரகுப் புட்டு. இங்கே அதைக் குரக்கன் என்கிறார்கள். அரிசிக்குக் கூப்பன் வந்ததிலிருந்து காலையில் குரக்கன், பகலில் மரவள்ளிக் கிழங்கு. ஆனால் அந்தப் புட்டின் மேல் ஊற்றிய சொதி இருக்கிறதே, தேங்காய்ப் பாலும் முருங்கைக்காயும் பச்சை மிளகாயும் சேர்ந்த அந்தச் சமாசாரத்துக்காக இன்னொரு முறை கடலோர முகாமில் என்னை உரித்துப் பார்த்தாலும் சம்மதிப்பேன். காப்பி மட்டும் கேட்கக்கூடாது. பாலில்லாத தேத்தண்ணீர் ஒரு செம்பு, கையில் ஒரு துண்டு பனங்கட்டி. அதைக் கடித்துக்கொண்டு இதைக் குடிக்க வேண்டும். நான் பனங்கட்டியை முதலிலேயே தின்று தீர்த்துவிட்டுக் கசப்பை அப்படியே குடித்தேன். "வடக்கத்தையார் அவசரக்காரர்," என்றார் ஐயா.

அன்று முழுவதும் வேலை. வால்வுகளைக் கழற்றி, கொண்டுவந்த புது வால்வுகளை மாட்டிப் பார்த்தேன். ஏரியலைச் சுரண்டினேன். பேட்டரி இணைப்புகளைத் தேய்த்தேன். பெட்டி ஒரு புதுப் பெட்டியைப்போல் ஆரோக்கியமாக இருந்தது, பொத்தானைத் திருகினால் மட்டும் மணல் கொட்டியது. ஸ்பீக்கரை நான் கடைசிவரை சந்தேகிக்கவில்லை. முதலாளி தம் கையால் பொருத்தியது, அவரைச் சந்தேகிக்கிற தைரியம் கடல் தாண்டியும் எனக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் காலையில் வேறு வழியில்லாமல் ஸ்பீக்கரைக் கழற்றினேன். அதை மூடியிருந்த துணி அட்டைபோல விறைத்திருந்தது. துணியைப் பிரித்ததும் பொலபொலவென்று வெள்ளைப் பொடி கொட்டியது. உள்ளே காகிதக் கூம்பில் திட்டுத் திட்டாகக் காய்ந்த சந்தனம். ஒரு செம்பரத்தை இதழ்கூட இருந்தது.

ஸ்பீக்கர் வேலை செய்கிற விதத்தை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். காகிதக் கூம்பின் அடியில் ஒரு கம்பிச் சுருள் உண்டு. அது காந்தத்தின் வாய்க்குள் எதையும் தொடாமல் ஆட வேண்டும். இரண்டுக்கும் இடையே மயிரிழை இடைவெளிதான். அதற்குள் தூசி போனால் உராயும், கரகரக்கும். இங்கே போயிருந்தது தூசி இல்லை, விபூதி. ஒரு சின்னக் கோயிலுக்கு மாதக் கணக்கில் போதும்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். "ஐயா! யார் இந்தப் பெட்டிக்குத் திருநீறு பூசி அபிஷேகம் பண்ணினது? ஸ்பீக்கருக்கு மூச்சு முட்டிப் போயிருக்கிறதே!"

"நான்தான்," என்றார் அன்னப்பிள்ளை அம்மா. அடுப்படியிலிருந்து வந்து பின்னால் நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை. "அவன் பள்ளிக்கூடம் போகேக்கை நெடுக நான்தான் பூசி விடுறனான். இப்ப அவன் இல்லை. அவன்ரை சேதி வாற வாய் உதுதானே எண்டு, பின்னேரத்திலை விளக்கு வைச்சிட்டு மூண்டு குறி போடுவன். வெள்ளிக்கிழமையிலை சந்தனமும்."

நல்ல மனிதன் அந்த இடத்தில் வாயை மூடியிருப்பான். நானோ தொழில்காரன். "அதுதான் அம்மா வினையே, அந்தத் திருநீறுதான் பேரையெல்லாம் தின்றுவிட்டது," என்று விளக்கம் கொடுத்தேன்.

விதானையார் அப்போதுதான் வேலிப் படலையைத் திறந்துகொண்டு வந்தவர், விஷயத்தைக் கேட்டு என் விளக்கத்தைப் பூர்த்தி செய்துவைத்தார். "அட கடவுளே, ஒரு பேரை ஒருக்காத்தானே வாசிப்பினம்!"

அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப அவன்ரை பேர் வந்து போயிருக்குமோ? நானோ அதை மறைச்சனான்?"

 அவர் அடுப்படிக்குப் போய் மூலையில் உட்கார்ந்தார். அன்று எங்களுக்குச் சாப்பாடு போட்டார், தாம் சாப்பிடவில்லை. மாலையில் ஸ்பீக்கர் கழற்றிக் கிடந்ததால் கூட்டமும் வரவில்லை. இத்தனை தூரம் வந்து ஒரு தாயின் தலையில் கல்லைப் போட்டுவிட்டேனே என்று எனக்கு என் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

நான்காம் நாள், காய்ந்த சந்தனத்தைக் கரைக்க ஸ்பிரிட் வேண்டியிருந்தது. சண்டைக்காலத்தில் ஸ்பிரிட்டுக்கு எங்கே போவது? விதானையார் ஒரு போத்தல் கொண்டுவந்தார். யாரிடமோ பிடித்த கள்ளச் சாராயம், கோர்ட்டில் சாட்சியாக வைக்க வேண்டியது. "கொஞ்சம் சாட்சி குறைஞ்சால் ஒண்டுமில்லை," என்றார். சுத்த சைவ வீட்டு முற்றத்தில் சாராய வாடை எழுந்தது. ஐயா மூக்கைச் சால்வையால் பொத்திக்கொண்டு, "அவனுக்காக எண்டால் ஊத்து தம்பி," என்றார்.

சந்தனம் கரைந்தது. இனி அந்த மயிரிழை இடைவெளிக்குள் நுழைந்து விபூதியைத் தள்ள மெல்லியதாக, வளைந்து கொடுப்பதாக ஒன்று வேண்டும். கோழி இறகைப்போல் வேறெதுவும் இல்லை. ஐயா வீட்டில் கோழி ஏது? பக்கத்து வீட்டுச் சிவக்கொழுந்து அம்மாவிடம் நிறைய இருந்தன. ஆனால் அந்தக் கோழிகள்தான் ஒரு காலத்தில் வேலிக்குள் புகுந்து அன்னப்பிள்ளை அம்மாவின் கத்தரிக் கன்றுகளைக் கிளறிப் போட்டவை. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. சொல்ல வேண்டியதைக் காகத்தைப் பார்த்துத்தான் சொல்வார்கள். "சா, வெக்கங்கெட்ட காகமே, அடுத்த வீட்டு வளவுக்கை என்னடி வேலை?" என்று இந்தப் பக்கம் சத்தம் போட்டால், அந்தப் பக்கத்துக் காகத்துக்கும் உடனே பதில் கிடைக்கும். நான் வந்த நாளிலிருந்து கேட்டு ரசித்துக்கொண்டிருந்தேன்.

வடக்கத்தியானுக்கு ஏது வேலிச் சண்டை? வீதியைச் சுற்றிக்கொண்டு போய் அந்த வீட்டுப் படலையைத் தட்டினேன். சிவக்கொழுந்து அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும் கூட்டுக்குள் கையை விட்டு, ஒரு சேவல் லபோலபோ என்று கத்தக் கத்த இரண்டு இறகைப் பிடுங்கிக் கொடுத்தார்.

"ஏன் தம்பி, இனியும் என்னத்துக்கு அந்தப் பெட்டியைப் போட்டுக் கிண்டுறியள்? அவையின்ரை பொடியன்ரை பேர்தான் வாசிச்சாச்செல்லே."

 "என்னம்மா சொல்கிறீர்கள்? எப்போது?"

"தைப்பூசத்துக்கு முதல் நாள். நெல்லியடியிலை என்ரை அண்ணை வீட்டிலையும் ஒரு பெட்டி இருக்கு. அங்கை போயிருக்கேக்கை என்ரை இந்தக் காதாலை கேட்டனான். பொடியன் சுகமாம்."

"ஏனம்மா அவர்களுக்குச் சொல்லவில்லை?"

"நல்ல கதை! ரேடியோக்காரருக்கு நான் போய்ச் சொல்லவோ? பெட்டி இருக்கிறது அவையின்ரை வீட்டிலை. கேளாமலோ இருப்பினம் எண்டு நினைச்சன்." பிறகு சேவலைக் கூட்டுக்குள் தள்ளிக்கொண்டே, குரல் இறங்கிச் சொன்னார். "அவன் என்ரை மடியிலையும் வளந்த பிள்ளை. அவன்ரை சேதி வந்தும் அவை ஒரு காகத்துக்காவது சொல்லேல்லையே எண்டு எனக்குத்தான் மனவருத்தம்."

இறகும் கையுமாக நான் ஓடினேன். பட்டணத்தில் டிராம் பிடிக்கக்கூட அப்படி ஓடியதில்லை. அன்னப்பிள்ளை அம்மா அதே அடுப்படி மூலையில் இருந்தார். மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன்.

"ஆர் சொன்னது? அவளோ?" என்றார் ஐயா. "அவளின்ரை கதையை நம்பேலாது."

அம்மா எழுந்து வேலிக்கரைக்கு நடந்தார். போய் நின்று, பழக்க தோஷத்தில் ஒரு கணம் மாமரத்தில் காகத்தைத் தேடினார். காகம் இல்லை. வேலி ஓலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"சிவக்கொழுந்து! அவன் என்னடி சொன்னவன்? ஒருக்காச் சொல்லு."

அந்தப் பக்கம் கோழிகளை விரட்டிவிட்டு வேலிக்கு அருகே வருகிற காலடி கேட்டது. பிறகு ரேடியோக்காரன் வாசிப்பதைப்போலவே நிறுத்தி நிறுத்தி ஒரு குரல் வந்தது. "சிரம்பான் ஆசுப்பத்திரி. மகாலிங்கம். கொடிகாமம் வைத்திலிங்கத்தின் மகன். சுகமாக இருக்கிறார். வீட்டில் செங்காரிப் பசுவை விற்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னார்."

ஐயா தொண்டையைக் கனைத்தார். "அதை வித்துக் கன நாளாச்சே," என்றார். சால்வைத் தலைப்பு கண்ணுக்குப் போய்விட்டது.

"அவன்தான்!" என்று கத்தினார் அம்மா. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. "உயிர் தப்பினது பெரிசில்லை, மாட்டைப் பற்றிக் கதைக்கிறான் பார், அவனேதான்!"

நான் கொட்டகைக்குப் போய் இறகை எடுத்தேன். என் வாழ்நாளில் அதற்கு முன்போ பின்போ அவ்வளவு சுத்தமாக நான் ஒரு வேலையும் செய்ததில்லை. கடைசித் துளி விபூதிவரை தள்ளி வெளியே எடுத்து, கூம்பைப் பொருத்தி, புதுத் துணி போட்டு மூடினேன்.

பொழுது சாய்ந்தது. பாய்கள் விரிந்தன. ஐயா ஸ்டியரிங்கைப் பிடித்தார், விதானையார் சர்க்கார் உத்தியோகத்தை ஆரம்பித்தார். பொத்தானைத் திருகியதும் கண்ணாடிபோல வந்தது குரல். கிள்ளான், ஈப்போ, தைப்பிங் என்று ஊரும் பேரும் ஒவ்வொரு எழுத்தாகக் காதில் விழுந்தன. முற்றத்தில் ஒருவரும் சண்டை போடவில்லை. "எப்படி வேலை!" என்கிற பாவனையில் நான் ஸ்பீக்கருக்கு நேராக உள்ள ஆசனத்தைப் பார்த்தேன்.

அது காலியாக இருந்தது. வேலிக்கரை இருட்டிக்கொண்டு வந்தது. அங்கிருந்து அன்னப்பிள்ளை அம்மாவின் குரல் கேட்டது.

"இன்னும் ஒருக்காச் சொல்லடி."